கூடைக்குள் போன வன்தட்டு

போன மாதம் என் கைத்தொலைபேசிக்கு ஒரு சுற்றறிக்கையின் படம் வந்தது. அனுப்பியவர் புஷ்பா மிஸ். நான் ஓய்வுபெறும்வரை வேலை செய்த கந்தோரின் முன்மேசையில் இன்றும் இருப்பவர். ஓய்வுபெற்றவனுக்குச் சுற்றறிக்கை அனுப்புவது பல்லில்லாதவனுக்குக் கரும்பு அனுப்புவது போன்ற வேலை. இருந்தாலும் பழக்கதோஷம், இரண்டு முறை வாசித்தேன். வெளிப்புறத் தரவுச் சேமிப்புச் சாதனங்கள் எவையும் கந்தோர்க் கணினிகளுடன் இணைக்கப்படலாகாது. ஏற்கெனவே இணைக்கப்பட்டிருப்பவை மாத இறுதிக்குள் அகற்றப்பட்டுத் தலைமையகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும்.

படத்துக்குக் கீழே அவருடைய குரற்பதிவு ஒன்றும் இருந்தது. "சேர், எங்கட பெட்டிக்கு என்ன செய்யிறது? கழட்டிக்கொண்டு போகத் தலைமையகத்தில இருந்து ஆள் வரப்போகுதாம். புதுசா வந்த பிள்ளையள் கேக்கினம், மேசையோட ஆணி அடிச்ச பெட்டிக்குள்ள என்ன சாமியா இருக்கெண்டு. நான் சொன்னா நம்பமாட்டினம். நீங்களே எழுதித் தாங்கோ."

எழுதித் தருகிறேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்கும், வரப்போகும் ஆளுக்கும்.

எங்கள் கந்தோர் திருகோணமலையில் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஓர் ஓட்டுக் கட்டடம். மீன்பிடி வள்ளங்களைப் பதிவு செய்வது அதன் தொழில். எந்தத் திணைக்களம் என்று எழுதமாட்டேன். என் ஓய்வூதியக் கோவை இன்னும் அவர்களுடைய அலுமாரியில்தான் இருக்கிறது.

நான் கணினிக்காரன் ஆன கதையை விரிவாகச் சொல்லும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. தட்டச்சுக்காரனாகச் சேர்ந்தேன். ஒருநாள் தட்டச்சுப்பொறியை எடுத்துக்கொண்டுபோய் அதே மேசையில் கணினியை வைத்தார்கள். கதிரை மாறவில்லை, நானும் மாறவில்லை. கொழும்பில் ஆறு மாதப் பயிற்சி. குளிரூட்டிய அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனதும், போட்ட காலுறையோடு சளி பிடித்ததும் நினைவிருக்கின்றன. சண்டைக் காலத்தில் பிளொப்பித் தட்டோடு சோதனைச்சாவடிகளைக் கடந்திருக்கிறேன். ஒரு சிப்பாய் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்பதால் போகவிட்டார். இன்னொருவர் உள்ளே ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே என்னை இரண்டு மணி நேரம் வைத்திருந்தார். தரவுப் பாதுகாப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியை அந்த இரண்டு பேரும் கற்பித்தார்கள்.

மீதிப் பாதியைக் கற்பித்தவர் தர்மகுலசிங்கம் சேர், எங்கள் கந்தோரின் பொறுப்பதிகாரி.

அவர் தம்பலகாமத்திலிருந்து பேருந்தில் வருபவர். எட்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கதிரையில் இருப்பார். வழியில் யானை மறித்தால் மட்டும் பிந்துவார். பிந்திய அன்று தன் கைப்பட விளக்கக் கடிதம் எழுதி, தானே அதைப் பெற்றுக்கொண்டு, 'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று தானே ஓரத்தில் குறிப்பெழுதி, கோவையில் போடுவார். ஒருமுறை 'ஏற்கப்படவில்லை' என்று எழுதியதாகவும், அன்றைக்கு யானை சின்னது என்பது காரணம் என்றும் கந்தோரில் ஒரு கதை உண்டு. அதை நான் கோவையில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

எவரையும் பேர்சொல்லிக் கூப்பிடமாட்டார். நானும் 'ஐசே', புஷ்பா மிஸ்ஸும் 'ஐசே', ஊருக்குள் திரிந்து எங்கள் முற்றத்தில் பழைய படிவங்களை மெல்லும் மானும் 'ஐசே'.

அவரிடம் ஒரு நீலப் பிளாஸ்டிக் கூடை இருந்தது, சந்தைக்கு மரக்கறி வாங்கக் கொண்டுபோகும் ரகம். எப்போதோ ஒரு கணக்காய்வில் ஒரு ஸ்டேப்ளர் குறைந்துபோய், அதற்கு அவர் பதினொரு கடிதங்கள் எழுதவேண்டி வந்ததாம். அன்றிலிருந்து பிற்பகல் மூன்றே முக்காலுக்குக் கூடையோடு புறப்படுவார். ஒவ்வொரு மேசையிலும் கழற்றக்கூடிய அரச பொருள் எதுவோ அதைக் கழற்றிக் கூடைக்குள் போடுவார். ஸ்டேப்ளர், துளைபோடும் கருவி, கல்குலேட்டர், கடைசியில் கணினிகளின் மவுஸ்கள். எல்லாவற்றிலும் வெள்ளை எனாமல் பெயின்டில் இலக்கம் எழுதப்பட்டிருக்கும், எழுதியவரும் அவரே. இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டி, பூட்டிய நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டால் அவருக்கு அன்றைய நாள் முடிந்தது. காலையில் நாங்கள் வரிசையாக நின்று அவரவர் மவுஸைக் கையெழுத்துப் போட்டு வாங்குவோம். பக்கத்துக் கந்தோர்க்காரர்கள் அதைப் பார்க்க வருவதுண்டு.

நான் வெளி வன்தட்டுக்குப் போனதற்கும் அவர்தான் காரணம். எங்கள் கணினிகள் எல்லாம் வைரஸ் பிடித்து, திறக்கக் கால் மணி, மூட அரை மணி என்று கிடந்தன. புதிய இயங்குதளம் போட அனுமதி கேட்டேன். அவர் விதியை எடுத்து வாசித்துக் காட்டினார்: கணினியின் உள்ளே எதையும் நிறுவக் கூடாது.

"உள்ள ஏலாது ஐசே. விதி தெளிவா இருக்கு."

"வெளியில சேர்?"

மறுபடியும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார். "வெளியைப் பற்றி ஒண்டும் இல்லை."

அந்த வாரமே சொந்தமாக ஒரு வெளி வன்தட்டு வாங்கினேன். கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி. இலவசமாகக் கிடைக்கும் ஓர் இயங்குதளத்தை முழுதாக அதற்குள் நிறுவிவிட்டால், எந்தக் கணினியிலும் சொருகி, அதிலிருந்தே அந்தக் கணினியை எழுப்பி வேலை செய்யலாம். உள்ளே இருக்கும் வன்தட்டு தூங்கட்டும், அதைத் தொடவே தேவையில்லை. என் கந்தோர் முழுவதும் என் சட்டைப் பைக்குள் இருக்கும்.

முதல் முறை நான் செய்த பிழையைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய். இயங்குதளத்தைத் தட்டி எழுப்பும் சின்ன நிரல் ஒன்று உண்டு. நிறுவும்போது அதை எந்தத் தட்டில் எழுதுவது என்று கணினி கேட்கும், அல்லது கேட்காமலே தீர்மானிக்கும். நான் நிறுவுவதற்குத் தெரிந்தெடுத்தது தர்மகுலசிங்கம் சேரின் கணினியை. காரணம், அது எட்டரைக்கு எழும்பி நாலேகாலுக்குப் படுக்கும், இடையில் அதனிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. இயங்குதளம் முழுதும் ஒழுங்காக என் வன்தட்டுக்குள் போனது. எழுப்பும் நிரல் மட்டும் அவருடைய கணினியின் உள்தட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த நாள் அவர் வருமுன் பொத்தானை அமுக்கிப் பார்த்தேன்: கறுப்புத் திரை, இரண்டு வரி ஆங்கிலம். கணினி என் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தது. மூன்று நாட்களாக அவர் வருமுன் ஓடிப்போய்ச் சொருகி, எழுப்பிவிட்டுக் கழற்றி வந்தேன். நாலாம் நாள் நிரலைத் திருத்தி எழுதினேன். அவர் இன்றுவரை அறியார். இதை வாசித்தால் அறிவார். வணக்கம் சேர்.

அதற்குப் பிறகு இந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். புதிய பிள்ளைகள் குறித்துக்கொள்ளலாம். நிறுவுமுன் கணினியின் உள்தட்டு வயரைக் கழற்றிவிடுங்கள். அங்கே இல்லாத தட்டில் எவராலும் பிழையாக எழுத ஏலாது. வயரைக் கழற்ற வழியில்லையென்றால், எழுப்பும் நிரல் எந்தத் தட்டுக்குப் போகிறது என்று விரலால் தொட்டு வாசித்த பிறகு சம்மதம் கொடுங்கள். தட்டைப் பேரை வைத்து அடையாளம் காணாதீர்கள், பேர் கணினிக்குக் கணினி மாறும். கொள்ளளவை வைத்து அடையாளம் காணுங்கள். சொருகும் வாய் பின்பக்கத்துடையதாக இருக்கட்டும். முன்வாய்கள் எல்லாம் எங்கள் துறைமுகத்து உப்புக்காற்றில் துருப்பிடித்தவை, தும்மினால் தொடர்பு விட்டுப்போகும். வயர் குட்டையாக இருக்கட்டும். பழுதான கணினி ஒன்றிலிருந்து கோப்பு எடுக்கிறீர்கள் என்றால், அதன் உள்தட்டை வாசிக்க மட்டும் திறவுங்கள், அதில் ஓர் எழுத்தும் எழுதாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது கழற்றாதீர்கள். வேறு எதற்காகவாவது சொருகியிருந்தால் கழற்றினாலும் ஒரு கோப்போடு போகும். இயங்குதளமே அதில் ஓடிக்கொண்டிருந்தால், கழற்றுவது ஓடும் வள்ளத்தின் அடிப்பலகையைக் கழற்றுவதற்குச் சமன்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு, வள்ளப் பதிவேட்டைக் கணினிமயமாக்கியிருந்தார்கள். விளக்கேற்றி, பால்சோறு கொடுத்து, பழைய கடதாசிப் பதிவேட்டைச் சிவப்பு நாடாவால் கட்டி அலுமாரியில் வைத்தார்கள். அதன் பிறகு நடந்த கைமாற்றங்கள் எல்லாம் ஒரே ஒரு புதிய கணினிக்குள் மட்டும் இருந்தன. வாராவாரம் பிரதி எடுக்கவேண்டும் என்று விதி. எடுக்கப்பட்டது. எடுத்து, அதே கணினியின் அதே தட்டில் வைக்கப்பட்டது. நான் இதைச் சுட்டிக்காட்டி எழுதிய குறிப்பும் அந்தத் தட்டில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தக் கணினி எழும்பவில்லை. உள்தட்டு பல்லி மாதிரி 'டிக் டிக்' என்றது. பெட்டியின் மூடியில் உத்தரவாத ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, திறந்தால் உத்தரவாதம் போய்விடும். விற்ற கொம்பனிக்காரர் கொழும்பிலிருந்து பத்து நாளில் வருவதாகச் சொன்னார்.

வியாழன் காலை எட்டரைக்கு இஸ்மாயில் நானா வந்தார். குச்சவெளிக்காரர், எங்கள் எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் வெந்த முகம். முன்மேசையின் தடுப்புப் பலகைக்கு வெளியே நின்றார்.

"நாளைக்குக் காலையில கோட்ஸ் சேர். என்ட வள்ளத்தப் புடிச்சி வெச்சிருக்காங்க."

கதை இதுதான். போன வருடம் அவர் ஒரு பைபர் வள்ளத்தையும் மோட்டரையும் இன்னொருவரிடமிருந்து வாங்கிப் பேர் மாற்றியிருந்தார். அனுமதிப் புத்தகம் கடலில் விழுந்துபோனது. ரோந்துக்காரர் சோதித்தபோது கையில் ஒன்றும் இல்லை. வள்ளத்தைத் துறைமுகத்துக்கு இழுத்து வந்துவிட்டார்கள். தன்னுடைய வள்ளம்தான் என்பதற்கு எங்கள் பதிவேட்டின் உறுதிப்படுத்திய பிரதியை நாளை ஒன்பது மணிக்கு நீதிமன்றத்தில் காட்டவேண்டும். காட்டாவிட்டால் அடுத்த தவணை. சீசன் தொடங்கி இரண்டு கிழமை. அடுத்த தவணைக்குள் சீசன் முடிந்துவிடும்.

"பழைய பதிவேட்டுல பாத்துத் தர ஏலாதா சேர்?"

புஷ்பா மிஸ் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. பழைய கடதாசிப் பதிவேட்டின்படி அந்த வள்ளம் இன்னமும் விற்றவருடைய பேரில் இருந்தது. அதற்குப் பிரதி கொடுத்தால், இஸ்மாயில் நானா வள்ளம் களவெடுத்தவர் ஆகிவிடுவார்.

"அப்ப நான் கள்ளனா மிஸ்?"

"கடதாசிப்படி ஓம் நானா. கொம்பியூட்டர்படி இல்லை. ஆனா கொம்பியூட்டர் எழும்பமாட்டுதாம்."

நான் சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு தர்மகுலசிங்கம் சேரிடம் போனேன். கணினியைத் திறக்கத் தேவையில்லை, ஸ்டிக்கரைத் தொடத் தேவையில்லை, வெளி வன்தட்டிலிருந்து எழுப்பி, உள்தட்டை வாசிக்க மட்டும் திறந்து, பதிவேட்டைக் கொப்பி எடுக்கலாம் என்றேன்.

"உந்த டிஸ்க் ஆற்றை?"

"என்ரை சேர்."

"தனியார் பொருளை அரச கணினியோட பூட்ட ஏலாது ஐசே."

"இவ்வளவு நாளும் பூட்டினனான் சேர்."

"அது எனக்குத் தெரியாது. இப்ப நீர் சொல்லிப்போட்டீர். இனித் தெரியும்."

இதற்குத் தீர்வு அவரே சொன்னார். நான் அந்த வன்தட்டைக் கந்தோருக்கு அன்பளிப்புச் செய்யலாம். அன்பளிப்புப் படிவம் மூன்று பிரதி. ஏற்றுக்கொள்ளும் கடிதம். பொருட்பதிவேட்டில் பதிவு. இலக்கம். என் சட்டைப் பையிலிருந்த கந்தோர் பதினொரு மணிக்கு அரசாங்கத்துக்குச் சொந்தமாயிற்று. சேர் மெல்லிய தூரிகையை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கறுப்புப் பெட்டியின் முதுகில் வெள்ளை எனாமலால் 'க/2/114' என்று எழுதினார். அழகான கையெழுத்து, அதை மறுக்கமாட்டேன்.

"பெயின்ட் காயாமல் பாவிக்க ஏலாது. இலக்கம் அழிஞ்சால் பொருள் இல்லை."

துறைமுகத்து ஈரக் காற்றில் எனாமல் காய்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் நான்கு பேரும் பார்த்தோம். "வள்ளத்துக்கு நம்பர் அடிச்சா நாங்க வெயில்ல வெக்கிற சேர், கெதியாக் காயும்" என்றார் இஸ்மாயில் நானா. வன்தட்டை வெயிலில் வைக்க நான் சம்மதிக்கவில்லை. அவர் கோவை மட்டை ஒன்றை வாங்கித் தடுப்புப் பலகைக்கு வெளியே நின்றபடி விசிறினார். யன்னலுக்குள் தலையை விட்ட மான் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுப் போனது. கடற்கரை வீதியில் குச்சவெளிப் பேருந்துகள் இரண்டு போய்விட்டன. இரண்டையும் அவர் எண்ணினார்.

இரண்டு மணிக்குச் சேர் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்து, "சரி" என்றார்.

என் மேசையிலிருந்த அந்தக் கணினியின் பின்வாயில் சொருகினேன். கணினியை இயக்கி, எந்தத் தட்டிலிருந்து எழும்புவது என்று கேட்கும் பட்டியலை வரவழைத்து, கொள்ளளவைப் பார்த்து என் பெட்டியைத் தெரிந்தேன். எழும்பியது. புஷ்பா மிஸ் கைதட்டினார். உள்தட்டை வாசிக்க மட்டும் திறந்தேன். அது 'டிக்' என்றது, யோசித்தது, மறுபடி 'டிக்' என்றது. பதிவேட்டுக் கோப்பு துளித்துளியாக வந்தது. இடையிடையே நின்றது. நின்றபோதெல்லாம் இஸ்மாயில் நானா வெளியிலிருந்து என் முகத்தைப் பார்ப்பார், நான் திரையைப் பார்ப்பேன். மூன்றரை தாண்டிக் கொப்பி முடிந்தது. கோப்பைத் திறந்து தேடினேன். வந்தது. வள்ளத்தின் இலக்கம், மோட்டரின் இலக்கம், உரிமையாளர் பேர், கைமாறிய திகதி. எல்லாம் ஒரே பக்கத்தில்.

"இருக்கு நானா. நீங்கள் கள்ளன் இல்லை."

அவர் தடுப்புப் பலகையில் இரண்டு கையையும் ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் மற்ற அறைக்குப் போனேன். அச்சுப்பொறி அங்கேதான் இருந்தது. அதற்குக் கடதாசி வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு தட்டுத் தட்டினால்தான் அது எழும்பும். புஷ்பா மிஸ் முத்திரைப் படிவம் எடுக்கப் போனார். ஐந்து நிமிடம். மணியை இருவரும் பார்க்கவில்லை. கந்தோர் வாழ்க்கையில் நான் மணி பார்க்காத ஒரே ஐந்து நிமிடம் அதுதான்.

திரும்பி வந்தபோது தர்மகுலசிங்கம் சேர் என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கையில் நீலக் கூடை. கூடைக்குள் ஸ்டேப்ளருக்கும் கல்குலேட்டருக்கும் நடுவில் 'க/2/114'. குட்டை வயர் வெளியே தொங்கியது. அவருடைய மற்றக் கை மவுஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"சேர்!"

அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். "என்ன ஐசே, மூண்டே முக்கால்."

"டிஸ்க் ஓடிக்கொண்டெல்லே இருந்தது!"

"கழட்டக்கூடிய பொருள். இலக்கம் போட்டது நான்தானே." அவர் திரையைப் பார்த்தார். இஸ்மாயில் நானாவின் பக்கம் அப்படியே தெரிந்தது. அவருடைய முகம் வெளித்தது. "அது சரி, டிஸ்க்கை எடுத்தும் ஓடுதே! பிறகு என்னத்துக்கு ஐசே உமக்கு டிஸ்க்?"

"தலையை வெட்டின பிறகு கோழியும் கொஞ்ச தூரம் ஓடும் சேர்."

அதுதான் உண்மை. திரையில் இருந்த பக்கம் கணினியின் தற்காலிக நினைவில் இருந்தது. அந்த நினைவில் ஏற்கெனவே இருப்பதை மட்டும் அது காட்டும். புதிதாக ஒன்றைக் கேட்டால் தட்டைத் தேடும், தட்டு கூடைக்குள். அச்சிடச் சொன்னேன், ஒன்றும் நடக்கவில்லை. திரும்பச் சொருகினாலும் பயனில்லை, அறுந்தது அறுந்ததுதான். அணைத்து எழுப்பவேண்டும். எடுத்த கொப்பி தட்டில் முழுதாக எழுதப்பட்டதா, பாதியில் நின்றதா என்பது எனக்குத் தெரியாது. உள்தட்டோ இன்னொருமுறை வாசிக்க விடும் நிலையில் இல்லை. 'டிக்' என்பதையே அது நிறுத்தியிருந்தது.

ஆக, இஸ்மாயில் நானாவின் வள்ளம் அந்த நேரம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் அவருக்குச் சொந்தமாக இருந்தது: தலையில்லாத அந்தத் திரையில். பத்து நிமிடம் எவரும் மவுஸை அசைக்காவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும். திறக்கக் கடவுச்சொல் கேட்கும். கேட்பதற்கான நிரலும் கூடைக்குள்.

தடுப்புக்கு வெளியே இஸ்மாயில் நானா மெதுவாகச் சொன்னார். "பெரிய சேர் எடுத்தத நான் பாத்தன். நல்லதுக்கு எடுக்காரெண்டு நெனச்சன்."

கைத்தொலைபேசியால் படம் எடுக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உடனே எடுத்தேன், நான்கு படம். சேரிடம் காட்டினேன்.

"படம் மூலப்பதிவு இல்லை ஐசே. உறுதிப்படுத்திற ஆள் மூலப்பதிவைத் தன்ரை கண்ணால பார்க்கவேணும்."

"அப்ப இப்ப பாருங்கோ சேர். திரையில இருக்கிறது மூலப்பதிவு. உங்கட கண் உங்களிட்ட இருக்கு. பழைய விதி, கையால எழுதின உண்மைப் பிரதி. கணினி வந்தபோது அதை ஆரும் நீக்கேல்லை. நான் எழுதிறன், நீங்கள் ஒப்பிட்டுக் கையெழுத்து வையுங்கோ."

அவர் கூடையைக் கீழே வைத்தார். யோசித்தார். அந்த மனிதரின் விதிப்புத்தகம் முழுவதும் அவர் தலைக்குள் இருந்தது, அதில் பக்கம் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. "நீக்கேல்லைத்தான்" என்றார். பிறகு, நான் அந்தக் கந்தோரில் இருந்த காலம் முழுவதும் பொதுமக்கள் எவரையும் உள்ளே விடாத தடுப்புப் பலகையைத் தன் கையால் தூக்கினார். "நீங்கள் உள்ள வாருங்கோ. இந்த மவுஸைப் பிடிச்சு ஆட்டிக்கொண்டிருங்கோ. எழுதிறவரும் வாசிக்கிறவரும் வேற வேலை செய்யக் கூடாது."

"எப்படிப் புடிக்கிற சேர்?"

"சுக்கான் பிடிக்கிற மாதிரி நானா" என்றேன். "அந்தக் கரை, இந்தக் கரை. பொத்தானை மட்டும் அமுக்காதேங்கோ."

இஸ்மாயில் நானா என் கதிரையில் அமர்ந்து, தன் வள்ளத்தைத் தானே பிடித்துக்கொண்டிருந்தார். சேர் திரையில் மூக்குப் படுமளவு குனிந்து வாசித்தார், நான் எழுதினேன். வள்ள இலக்கம் சரி. பேர் சரி. திகதி சரி. மோட்டர் இலக்கம் வந்தது.

"நாலு, ஏழு, ஏழு, சைபர்..."

"ஏழு மூணு தரம் வரும் சேர்" என்றார் இஸ்மாயில் நானா, கண்ணை மவுஸிலிருந்து எடுக்காமல்.

"நீங்கள் கதையாதேங்கோ. நீங்கள் சம்பந்தப்பட்ட ஆள்."

"சம்பந்தப்பட்டதாலதான் சொல்லுறன். அந்த மோட்டர நான் தோளுல தூக்கின. நம்பர் என்ட தோளுலயும் இருக்கும்."

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி குனிந்தார். "ஏழு மூண்டு" என்றார். "எழுதும் ஐசே."

ஓர் ஏழு குறைந்திருந்தால் நாளைக்கு நீதிமன்றத்தில் அது வேறு மோட்டர், வேறு வள்ளம்.

நாலு மணிக்கு எழுதி முடித்தேன். சேர் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து ஒப்பிட்டு, 'மூலப்பதிவுடன் ஒப்பிடப்பட்டது, சரி' என்று எழுதிக் கையொப்பமிட்டார். முத்திரை வேண்டும். முத்திரை, கூடை புறப்படுமுன்பே அலுமாரியின் முத்திரை அறைக்குள் போயிருந்தது, அதற்குத் தனிப் பூட்டு. பூட்டிய நேரமும் பதிவேட்டில் ஏறியிருந்தது. பூட்டிய அந்த அறையை மறுநாள் காலைக்கு முன் அவர் திறந்ததாக வரலாறு இல்லை.

திறப்புக் கோர்வையை எடுத்தார். திறந்தார். முத்திரையைக் குத்தினார். பூட்டினார். பதிவேட்டை என்னிடமிருந்து மறைத்துப் பிடித்துக்கொண்டு, திறந்த காரணம் என்ற கட்டத்தில் ஏதோ எழுதினார். மறுநாள் அவர் முகம் கழுவப் போன நேரம் எட்டிப் பார்த்தேன். 'ஓடிக்கொண்டிருந்த பொருளைக் கூடையினுள் இட்டமையால்' என்றிருந்தது. கீழே சுருக்கொப்பம். ஓரத்தில், விளக்கம் ஏற்கப்படவில்லை.

கடதாசி கைக்குப் போன பிறகும் இஸ்மாயில் நானா மவுஸை ஆட்டிக்கொண்டே இருந்தார். "போதும் நானா, விடுங்கோ" என்று நான் இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கு அவர் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார். பின்னால் மோட்டர் சத்தம் கேட்டது. "விட்டுட்டாங்க சேர். நீதவான் ஐயா கடதாசியப் பாத்துட்டுக் கேட்டாரு, உங்கட கந்தோருல கொம்பியூட்டர் இல்லையாண்டு. இரிக்கி ஐயா, நான்தான் புடிச்சிக்கிட்டு இருந்தண்டு சொன்னன்."

கணினியின் உள்தட்டு அதன் பிறகு வாயே திறக்கவில்லை. 'க/2/114'ஐப் பழுது பார்த்து எழுப்பினேன். பதிவேட்டின் கொப்பி முழுதாக இருந்தது. இரண்டு வருடத்துக் கைமாற்றங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் இஸ்மாயில் நானா. கொம்பனிக்காரர் வந்தார், ஸ்டிக்கர் உடையாமல் இருப்பதைப் பார்த்து மகிழ்ந்தார், புதிய உள்தட்டு கொழும்பிலிருந்து வரும் என்றார். அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அதுவரை தற்காலிகமாக அந்தக் கணினி வெளி வன்தட்டிலேயே ஓடட்டும் என்று ஏற்பாடு. மற்றப்படி பதிவேட்டைத் தினமும் இரண்டாவது ஒரு தட்டில் கொப்பி எடுத்து, வேறு அறையில் வைக்க எல்லாரையும் பழக்கிவிட்டேன்.

ஆனால் கூடை இருந்தது. கழற்றக்கூடிய அரச பொருள் கூடைக்குள் போகவேண்டும், விதிவிலக்குக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார் சேர். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வீட்டிலிருந்து ஒரு சின்னத் தேக்குப் பெட்டி கொண்டுவந்தார். வன்தட்டை அதற்குள் வைத்து, வயருக்கு ஒரு துளை விட்டு, பெட்டியை மேசையோடு நான்கு திருகாணியால் இறுக்கினார். பிறகு பொருட்பதிவேட்டைத் திறந்து 'க/2/114'ஐச் சிவப்பு மையால் வெட்டி, வேறொரு பக்கத்தில் புதிதாகப் பதிந்தார். பெட்டியின் மேல் வெள்ளை எனாமலில் புதிய இலக்கம்: 'த/31'.

த என்றால் தளபாடம். மேசை, கதிரை, அலுமாரி, வன்தட்டு.

ஆகவே புஷ்பா மிஸ், வரப்போகும் ஆளுக்குக் கதிரை கொடுத்து, தேத்தண்ணி கொடுத்து, பொருட்பதிவேட்டைக் காட்டுங்கோ. சுற்றறிக்கையை நான் இப்போது மூன்றாவது தடவையும் வாசித்துவிட்டேன். வெளிப்புறச் சேமிப்புச் சாதனங்களை அகற்றச் சொல்கிறது. தளபாடத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.